‘தண்ணீர் டெஸ்ட் பண்ணியாச்சு’ என்றால், எதை டெஸ்ட் பண்ணினோம்?

வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வருகிறவரின் பையில் இரண்டு சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர். இன்னொன்று, கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரிலும் ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, கம்பிகளை முக்கி, பிளக்கைச் செருகுவார். ஒரு நிமிஷத்தில் போர் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே நுரை கட்டி, பார்க்கவே குமட்டும். பக்கத்து டம்ளர் பளிச்சென்று நிற்கும். “இதைத்தான் சார் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறீங்க” என்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கம்பிகளில் இரும்பும் அலுமினியமும் உண்டு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது. டம்ளரில் மிதக்கும் அழுக்கு அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. நம்பாவிட்டால் ஆர்.ஓ. டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செருகச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

ஏமாற்று வேலை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பல வீடுகளில் ‘தண்ணீரை டெஸ்ட் பண்ணியாச்சு’ என்று சொல்வது இந்தப் பெட்டியையோ, அந்தப் பேனா மீட்டரையோ வைத்துத்தான். இன்னும் கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் லேபில் கொடுத்து, ‘குடிக்க உகந்தது’ என்று முத்திரை குத்திய தாளை வாங்கி பீரோவில் வைத்திருப்பார்கள். பல சமயம் அந்தத் தாளும் பக்கத்து ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. காரணம் லேபின் மோசடி இல்லை. தண்ணீரில் உள்ள எல்லாவற்றையும் காட்டும் சோதனை என்று உலகத்திலேயே ஒன்று கிடையாது. எதைத் தேடச் சொல்லிக் காசு கட்டினோமோ அதை மட்டும்தான் லேப் தேடும். சாதாரணமாக நாம் கட்டுவது கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, பி.எச்., கோலிஃபார்ம் போன்ற வழக்கமான பட்டியலுக்கு. குரோமியம் என்ற உலோகமோ, பெட்ரோலில் இருக்கும் பென்சீனோ அதில் இருக்காது.

ஆகவே லேபுக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் என்ன ஆலை இருக்கிறது, அது என்னத்தைக் கொட்டுகிறது என்பது தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்பது தெரியும்.

டிடிஎஸ் மீட்டர் எங்கே உதவும், எங்கே உதவாது

மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அந்த எண்ணை ஏறக்குறைய 0.5 முதல் 0.7 வரையிலான ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த பொருள் என்று காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை.

இப்போது அதே ஆவணத்தில் மற்ற வரம்புகளைப் பாருங்கள். ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். காட்மியம் 0.003. பாதரசம் 0.001. மொத்தக் குரோமியம் 0.05. மீட்டரின் மிகச் சிறிய படியே 1 மில்லிகிராம். உங்கள் தண்ணீரில் குரோமியம் வரம்பைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் அது அரை மில்லிகிராம்தான். 640 என்று காட்டிய மீட்டர் 640 என்றேதான் காட்டும். பெட்ரோல், பென்சீன் மாதிரி சமாச்சாரம் இன்னும் மோசம். அவை மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை, அதனால் மீட்டருக்கு அவை இருப்பதே தெரியாது.

அதற்காக மீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. திருப்பூரில் அதற்கு அர்த்தம் உண்டு. பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் பருத்தி நூலில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்பு முழுக்கக் கழிவு நீரோடு வெளியேறும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபிறகு கழிவின் நிறம் குறைந்தது, உப்பு குறையவில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது வரைக்கும் கதை போனது. அந்தப் பகுதிக் கிணற்றில் மாசின் முதல் அடையாளமே உப்பு. ஆகவே ஒரு கிணற்றில் டிடிஎஸ் மாதாமாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு விவசாயி எழுதி வைத்தால், அது நல்ல சாட்சி. கூடவே குளோரைடு, சல்பேட், சோடியம் மூன்றையும் லேபில் பார்த்துவிட்டால் படம் ஏறக்குறைய முழுமையாகிவிடும்.

பாலாற்றங்கரைக்கு வந்தால் இந்தக் கணக்கு போதாது.

பாலாறு: 170 ரசாயனங்களும் ஒரு குரோமியமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டையைப் பற்றிய முக்கியமான ஆவணம், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு என்றுதான் சட்டக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது கிணற்றுக் கணக்கு. தோல் பதனிடும் இன்னொரு வட்டாரமான திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை நீதிமன்றம் எடுத்துக்காட்டுகிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதே தீர்ப்பில் இன்னொரு எண்: குரோம் முறையில் தோல் பதனிட ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன.

170-ஐயும் எந்த வீட்டுக்காரர் சோதிக்க முடியும்? முடியாது, தேவையும் இல்லை. வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் போதும். தோல் உப்புப் போட்டு வரும். முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. அடுத்து முடியைக் கழற்ற சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். அப்புறம்தான் குரோமியம் சல்பேட். கடைசியில் சாயமும் எண்ணெயும். பாலாற்றுப் படுகையில் விளைநிலத்தையும் கிணற்றையும் பெருமளவில் கெடுத்தது முதலில் சொன்ன உப்புதான். குரோமியம் என்றால் எல்லோருக்கும் நடுக்கம் வருகிறது, ஆனால் குரோமியத்தில் இரண்டு வடிவம் முக்கியம், பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. சாதாரண நிலத்தடி நீரில் அது லேசில் கரையாது. மண்ணிலும் சகதியிலும் படிந்துவிடும், வெகுதூரம் நகராது. அதனால் தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, அடுத்த தெருக் கிணற்றில் உப்பு எகிறி, குரோமியம் வரம்புக்குள் இருப்பது நடக்கக்கூடியதே. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து லேப்காரர் காசு வாங்கிவிட்டார் என்று சந்தேகப்படத் தேவையில்லை.

ஆறு இணைதிறன் குரோமியத்தின் கதை வேறு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு நடக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தோல் பதனிடவில்லை. தோல் ஷாப்புகளுக்குத் தேவையான குரோமிய உப்புகளைத் தாதுவிலிருந்து தயாரித்துக் கொடுத்தது. அந்தத் தயாரிப்பு ஆறு இணைதிறன் குரோமியம் வழியாகத்தான் நடக்கும். 1990-களின் நடுவில் ஆலை மூடிப்போனது. மிஞ்சிய திடக்கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. 2006-ல் ஒரு சர்வதேச அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது இப்படித்தான்.

தண்ணீரில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கண்ணுக்கு மஞ்சள் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் வரம்பை ஏற்கெனவே பல மடங்கு தாண்டியாயிற்று என்று அர்த்தம். நிறம் இல்லை என்பது ஒரு பதிலே இல்லை.

லேபில் கேட்க வேண்டியது இதுதான். முதலில் மொத்தக் குரோமியம். 0.05-க்கு நன்றாகக் கீழே இருந்தால் ஆறு இணைதிறன் குரோமியமும் அதற்குள்தான் அடங்கும். தனியாகச் செலவு செய்ய வேண்டாம். வரம்பை நெருங்கினாலோ தாண்டினாலோ ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் முறை பழையது, அழகானது: அமிலம் சேர்த்த சாம்பிளில் டைஃபினைல் கார்பசைடு என்ற பொருளை விட்டால் தண்ணீர் ஊதா கலந்த சிவப்பாக மாறும், நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குரோமியம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மற்ற உலோகங்களுக்கான சாம்பிளில் எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் விடுவார்கள். அந்த பாட்டிலையே இதற்கும் பயன்படுத்தினால் ஆறு மூன்றாக மாறிவிட வாய்ப்பு உண்டு. இதற்குத் தனி பாட்டில், அமிலம் இல்லாமல், ஐஸ் பெட்டியில், 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் வீண்.

எண்ணெய்: மூக்கை நம்பலாமா?

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர்களில் தண்ணீரோடு எரிபொருள் வந்தது. பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு. வாளியில் பிடித்த தண்ணீர் பற்றி எரிந்த படங்கள் செய்திகளில் வந்தன. அங்கே யாருக்கும் லேப் தேவைப்படவில்லை, மூக்கே போதும்.

ஆபத்து அதற்கு முந்தைய கட்டத்தில்தான். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். தண்ணீரில் பென்சீன் வாசனை நம் மூக்குக்கு எட்ட இதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும். வாசனை வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். வாசனை வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் நமக்கு நல்ல பாடம். அங்கே வீட்டுக்கு வீடு கிணறுதான் குடிநீர். கீழே சுண்ணாம்புப் பாறை, அதில் வெடிப்பும் குகையுமாக ஓட்டைகள். ஓரிடத்தில் கொட்டினால் வேகமாக அடுத்த ஊருக்குப் போய்விடும். அனல் மின் நிலையம் இருந்த பகுதியைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக 2014-15-ல் பெரிய பிரச்சினை வெடித்தது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான பொருட்கள் இல்லை என்ற மாதிரி அறிக்கை கொடுத்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகளோ பல கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் வரம்புக்கு மேல் இருப்பதைக் காட்டின. சனங்கள் யாரை நம்புவது? கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இரண்டு சோதனை இரண்டு பதில் சொல்ல அரசியல் மட்டுமே காரணம் ஆகிவிடாது. ‘எண்ணெயும் கிரீஸும்’ என்பது மொத்த எடையை அளக்கும் சோதனை: கரைப்பானில் பிரித்தெடுத்து, ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். பென்சீன், டொலுயீன், சைலீன் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லித் தேடுவது இன்னொரு சோதனை. அதற்கு, கலவையை ஆவியாக்கி ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும். பெட்ரோல் கசிந்தால் இரண்டாவது சோதனை பிடித்துவிடும். உலைகளில் எரிக்கும் கனமான பழைய எண்ணெயில் அந்த லேசான சரக்கு குறைவு, இருப்பதும் காற்றில் பறந்துவிடும். அதே தண்ணீரில் ஒரு சோதனை ‘இல்லை’ என்றும், மற்றொன்று ‘இருக்கிறது’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம். எண்ணெய்ச் சந்தேகம் உள்ள ஊரில் இரண்டையும் கேளுங்கள். கூடவே கனமான எண்ணெயில் இருக்கும் பாலிஅரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற ரசாயன வகையையும். அதற்கு ஐ.எஸ். 10500 வரம்பு 0.0001 மில்லிகிராம்.

கடலூர், மணலி மாதிரியான இடங்களில் மருந்து, சாயம், பூச்சிமருந்து, பெட்ரோலியம் எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால் கேள்வியே கடினம். இந்த இரண்டோடு வேலூரும் கோவையும் 2009-லேயே மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் பட்டியலில் வந்தவை. இப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தாத ஒரு வழி உண்டு. பெரிய ஆலை வருவதற்கு முன்போ விரிவாக்கத்துக்கு முன்போ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இவை கிடைக்கும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காகத் தமிழ்ச் சுருக்கமும் கொடுத்தாக வேண்டும். என்ன மூலப்பொருள், என்ன கழிவு என்று அதில் இருக்கும். அதோடு, சுற்றுவட்டாரக் கிணறுகளில் அப்போது எடுத்த தண்ணீர்ச் சோதனை எண்களும் இருக்கும். உங்கள் ஊர்க் கிணறு அதில் இருந்தால் அதிர்ஷ்டம். ‘முன்னால் எப்படி இருந்தது’ என்ற கேள்விக்கு ஆலையே கொடுத்த பதில் அது. பழைய ஆலைகளுக்கு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை நடத்தக் கொடுத்த அனுமதியான இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

பிஎஃப்ஏஎஸ் பற்றியும் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை, நீர் ஒட்டாத துணி இவற்றிலிருந்து வரும், எளிதில் சிதையாத ரசாயனக் குடும்பம். அமெரிக்கா 2024-ல் அதில் இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. நானோகிராம் என்பது மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஐ.எஸ். 10500:2012-ல் இதற்கு வரம்பே இல்லை. இந்தச் சோதனையைச் செய்யும் லேபுகள் நம்மூரில் குறைவு, கட்டணம் அதிகம். பக்கத்தில் குறிப்பான காரணம் இல்லாத வீட்டுக்காரர் இதில் முதல் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. உலோகங்களை முதலில் பாருங்கள்.

பாட்டிலில் பிடிப்பது

லேப் ரிப்போர்ட் கெட்டுப்போவது லேபில் என்பதைவிட நம் வீட்டுக் குழாயடியில்தான் அதிகம். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி, சின்டெக்ஸ் தொட்டிக் குழாயில் பிடித்து, வண்டியின் முன்பக்கம் மாட்டி வெயிலில் கொண்டுபோவதுதான் வழக்கம். அந்தத் தண்ணீரில் பார்க்கக்கூடியது உப்பும் கடினத்தன்மையும் மட்டும்.

முதலில் லேபுக்கு போன் செய்து, எந்தெந்தப் பொருள் என்று சொல்லி, பாட்டில்களை அவர்களிடமே வாங்குங்கள். உலோகத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டிருப்பார்கள். அதைக் கழுவிவிடக் கூடாது. தண்ணீரை வழிய வழியவும் பிடிக்கக் கூடாது. எண்ணெய்க்குக் கண்ணாடி ஜாடி. அதையும் சாம்பிள் தண்ணீரால் அலசக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அலசி ஊற்றினால் ஒட்டியது கூடுதலாகக் கணக்கில் வந்துவிடும். பென்சீன் வகைக்கு விரல் நீளக் கண்ணாடிக் குப்பி தருவார்கள். அதை மட்டும் விளிம்பு வரை நிரப்பி, மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரு காற்றுக் குமிழி தெரிந்தாலும் குப்பிக்குள் ஆவி பிரிந்துவிடும். திறந்து மறுபடி நிரப்பித்தான் ஆகவேண்டும். பிடிக்கும்போது குழாயைச் சீறவிடாமல் மெல்லிய நூலாக விடுங்கள்.

எங்கே பிடிப்பது என்பது எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது. நிலத்தடி நீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, மோட்டாரைப் போட்டுச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்னால் பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த பழைய தண்ணீர் போய், நிலத்திலிருந்து வரும் புதுத் தண்ணீர் வர வேண்டும். டிடிஎஸ் மீட்டர் எண் நிலையாக நின்றால் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் பித்தளைக் குழாயிலிருந்தோ பழைய பைப்பிலிருந்தோ ஈயம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் தலைகீழ்: ராத்திரி முழுக்க யாரும் திறக்காத குழாயில், காலையில் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சாம்பிள் எடுத்தால், எந்திரம் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கள ஆய்வுப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரின், கிருமி இவற்றுக்கு நல்ல ஏற்பாடு. ஆலை ரசாயனத்துக்கு அந்தப் பெட்டி செய்யப்படவில்லை. ஊராட்சியில் ‘டெஸ்ட் பண்ணி ஓகே சொல்லிட்டாங்க’ என்றால் எந்தப் பெட்டியில் பண்ணினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேப் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் பொதுமக்கள் சாம்பிளைக் குறைந்த கட்டணத்தில் வாங்கும். கன உலோகம் எந்த ஆய்வகத்தில் செய்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். தனியார் என்றால், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பாருங்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனியாகக் கிடைப்பது. கோலிஃபார்முக்கு அங்கீகாரம் உள்ள லேபுக்குக் காட்மியத்துக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும், லேபிலும் கேட்கலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டில் பெரும்பாலான வரிகளில் எண்ணுக்குப் பதில் பி.டி.எல். என்று இருக்கும். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். ‘இல்லை’ என்று பொருள் இல்லை. அந்த லேபின் கருவி எவ்வளவு வரை கண்டறியும் என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈயத்தின் வரம்பு 0.01, லேபால் 0.05-க்குக் கீழே பார்க்க முடியாது என்றால், வரம்பைப்போல் நான்கு மடங்கு ஈயம் இருக்கும் தண்ணீரும் பி.டி.எல். என்றே வரும். காசு கட்டும் முன்னால் ‘உங்கள் கண்டறியும் அளவு வரம்புக்குக் கீழே இருக்கிறதா’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் இந்தத் தலைவலி இல்லை. அலகையும் பாருங்கள். சில ரிப்போர்ட்டில் மில்லிகிராம், சிலதில் மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஐ.எஸ். 10500-ல் சில பொருளுக்கு இரண்டு வரம்பு இருக்கும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் இரண்டாவது. லேபுகள் இந்த இரண்டாவதை வைத்தே ‘தேறியது’ போடுவதைப் பார்க்கலாம். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. தளர்வு இல்லை என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

கடைசி வரியில் ‘குடிக்க உகந்தது’ என்று இருந்தால், மேலே சோதித்த பொருட்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். அந்த வரி அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் பொருந்தும். அடியில் பொடி எழுத்தில் ‘கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டும்’ என்றும் இருக்கும். அதாவது அந்தத் தண்ணீர் உங்கள் கிணற்றிலிருந்து வந்தது என்பதற்கு லேப் சாட்சி இல்லை. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் லேப் ஆளையே வரவழைத்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் ரிப்போர்ட்டில் ‘லேப் எடுத்த சாம்பிள்’ என்று வரும்.

ஒரு முறை எடுத்துவிட்டு முடிவு கட்ட முடியாது. மழை பெய்தால் கழிவு கரைந்து வரலாம், மழையே மாசை நீர்த்துப்போகவும் செய்யலாம். கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு எடுப்பது நியாயமான கணக்கு.

எண் வரம்பைத் தாண்டி வந்துவிட்டால் முதலில் செய்யக் கூடாதது, காய்ச்சிக் குடிப்பது. காய்ச்சினால் கிருமி சாகும். உலோகமோ, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஆகும். குரோமியம், ஈயம், உப்பு, பிஎஃப்ஏஎஸ் இவற்றை நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. பெருமளவு தடுக்கும். பென்சீன் போல ஆவியாகும் பொருளுக்கு ஆர்.ஓ. சவ்வை நம்பாமல், நேரத்துக்கு மாற்றப்பட்ட கரி வடிகட்டி வேண்டும். அப்படிப்பட்ட தண்ணீரில் சுடுநீர்க் குளியலும் ஆபத்து, ஆவி மூச்சோடு போகும். ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரில் மாசு இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்பதால், அதைக் கீரைப் பாத்திக்கு விடும் வழக்கத்தை இந்த வீடுகளில் நிறுத்த வேண்டும்.

தனி வீடாகச் செலவு செய்வதைவிட ஒரு தெருவே சேர்ந்து செய்வது எல்லா விதத்திலும் மேல். ஆலைக்கு மிக அருகில் ஒரு கிணறு, நடுவில் இரண்டு, தள்ளி ஒன்று, நிலத்தடி நீர் ஓட்டத்துக்கு மேல்பக்கம் ஒன்று. ஒரே நாளில், ஒரே லேப். ஆலைப் பக்கம் அதிகமாகவும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் எண்கள் வந்தால், தனிக் கிணற்றின் ரிப்போர்ட்டைப்போல அதைத் தள்ளிவிட முடியாது. அதை வைத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே காலக்கெடு முக்கியம்: மாசைத் தடுக்கக் கோரும் மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு. எப்போது எழுந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். முதல் ரிப்போர்ட்டின் அசல், சாம்பிள் எடுத்த தேதியோடு, உங்கள் கையில் இருக்கட்டும். வாரியத்திடம் நகலைக் கொடுங்கள்.